உப்புக் கையும் சின்னத் திரையும்: செல்போன் ஆப் டிசைனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகம், விடிகாலை ஐந்தரை மணி. ஒரு மீன் வியாபாரி அக்காவிடம் என் போனை நீட்டினேன். எந்த வியாபாரி எந்த மீனை எத்தனை கிலோ கடனுக்கு எடுத்தார், எவ்வளவு கொடுத்தார், பாக்கி எவ்வளவு என்று எழுதிவைக்க அவருக்காக நான் வரைந்த ஆப் அதில் இருந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு ஏசி அறையில், 24 அங்குல மானிட்டரில், மூன்று வாரம் பார்த்துப் பார்த்துச் செய்தது. அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கண்ணைச் சுருக்கினார். "இன்னா தம்பி, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு எழுத்து" என்றார். ஒரு பட்டனைத் தொட்டார்; பக்கத்துப் பட்டன் வேலை செய்தது. மறுபடி தொட்டார், அதற்கு முன் எழுதிய பதிவு அழிந்தது. போனை என்னிடமே கொடுத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

அந்த நோட்டுதான் நமக்குப் போட்டி. பிரித்தால் உடனே திறக்கும், சார்ஜ் போடவேண்டாம், பாஸ்வேர்டு கேட்காது, எழுதியதை யாரும் கேட்காமல் அழிக்காது. மற்ற ஆப்களைப் பார்த்து டிசைன் செய்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கீழே எழுதியிருப்பது, அந்த அக்காவின் ஆப்பை நான் மறுபடி முதலிலிருந்து செய்த வரிசை. கடை ஆர்டர், பஸ் நேரம், டியூஷன் ஃபீஸ் என்று நீங்கள் எதைச் செய்தாலும் வரிசை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

முதலில் லேப்டாப்பை மூடுங்கள்

ஆப் புழங்கப்போகும் இடத்துக்கு, புழங்கப்போகும் நேரத்திலேயே போய், ஒரு மணி நேரம் சும்மா நில்லுங்கள். கேள்வி கேட்கவேண்டாம். கேட்டால் நம் மனம் நோகாத பதிலைத்தான் சொல்வார்கள். கையைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள், யார் எப்போது குறுக்கிடுகிறார்கள் என்று பாருங்கள்.

இரண்டாவது முறை போனபோது நான் குறித்து வந்தது இவ்வளவுதான். வலது கை எப்போதும் ஈரம். இடது கையில் போன், சில நேரம் அதே கையில் பையும். ஏலம் போகும் நேரத்தில் ஒரு பதிவுக்குப் பத்து விநாடிகூடக் கிடைக்காது. ஏழு மணிக்கு மேல் வெயில் நேராகத் திரையில் விழுகிறது. படிக்கும் கண்ணாடி வீட்டில் இருக்கிறது. போன் பழையது, திரையின் மூலையில் கீறல். இந்த ஆறு வரியில் இருப்பது எதுவும் என் மானிட்டரில் தெரிந்ததில்லை.

ஈரக் கை விஷயம் கொஞ்சம் விளக்கவேண்டியது. இப்போதைய தொடுதிரைகள் விரலின் அழுத்தத்தை அளப்பதில்லை. விரல் அருகில் வரும்போது திரையின் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தைத்தான் அறிகின்றன. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் திரையில் ஒரு துளி விழுந்தாலும் போன் அதை விரல் என்று நினைத்துக்கொள்ளலாம், அல்லது உண்மையான விரலை வேறிடத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். இதை நம்மால் சரிசெய்ய முடியாது. தவறான தொடுதல் நடக்கும் என்று ஒப்புக்கொண்டு வரையத்தான் முடியும். பட்டன்களைப் பெரிதாக வைப்பது, அழிப்பதைத் தள்ளி வைப்பது, எதையும் திரும்பப் பெற வழி வைப்பது எல்லாம் இதிலிருந்து வருகிறவைதான்.

ஒரு திரைக்கு ஒரு காரியம்

என் முதல் டிசைனில் முகப்பில் மட்டும் 14 பட்டன்கள். அக்காவின் நோட்டில் இருப்பதோ நான்கு பத்தி: பெயர், மீன், எடை, பணம். அந்த நோட்டுப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து மேசைமேல் ஒட்டியபிறகுதான் எனக்கு வழி தெரிந்தது.

ஒவ்வொரு திரைக்கும் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "இங்கே அவர் வந்தது ... க்காக." அந்த வாக்கியத்தில் 'உம்' இரண்டு முறை வந்தால் அது இரண்டு திரை. "கடனை எழுதவும் பாக்கியைப் பார்க்கவும்" என்று எழுதினேன், உடனே பிரித்தேன். 'உம்' வைத்துப் பிரிப்பது எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை, ஆனால் இதுவரை என்னைக் கைவிட்டதும் இல்லை.

மொழி மாற்றுவது, பேக்கப், மாதக் கணக்கு போன்ற எப்போதாவது தேவைப்படுபவை எல்லாம் உள்ளே போகட்டும். ஆனால் எல்லாவற்றையும் மூன்று கோடு போட்ட மெனுவுக்குள் தள்ளிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ளாதீர்கள். அந்த மூன்று கோட்டுக்குள் ஏதோ இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. தினமும் தேவைப்படும் மூன்று நான்கு இடங்களைத் திரையின் அடியில், ஐகானுக்குக் கீழே பெயரும் போட்டு, வெளியிலேயே வையுங்கள்.

பெயர் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கதை. மீன் வகைக்கு நான் ஆசையாக ஐகான் வரைந்திருந்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கடல்ல புடிச்ச மீனு?" என்று கேட்டார். சங்கராவுக்கும் கிழங்கானுக்கும் என் படத்தில் வித்தியாசமே இல்லை. படங்களை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்தோம். சேமிப்பதற்குப் பழைய ஃப்ளாப்பி டிஸ்க் படம் போடுவதும் இதே கதைதான். ஃப்ளாப்பியைப் பார்த்தே இராதவருக்கு அது ஒரு சதுரம்.

தாளில், உண்மை அளவில்

போனைத் தாள்மேல் வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுங்கள். அந்தக் கட்டத்துக்குள் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் வரையுங்கள். பென்சில் கூடாது, பென்சில் இருந்தால் கை தானாகச் சின்னதாக எழுத ஆரம்பித்துவிடும். ஸ்கெட்ச் பேனாவில் எழுத முடியாத எழுத்தைத் துறைமுகத்தில் படிக்கவும் முடியாது. பத்துப் பன்னிரண்டு தாள் கிழித்துப் போட்டபிறகு ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளைத் திறக்கலாம்.

ஃபிக்மாவில் அகலம் 360 என்று வைத்துத் தொடங்குங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் மிகப் பரவலான அகலங்களில் அது ஒன்று. இந்த 360 என்பது திரையின் பிக்சல் எண்ணிக்கை இல்லை, டிபி என்னும் அளவு. ஓர் அங்குலத்துக்கு 160 என்ற கணக்கில் வகுத்தது. திரை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பட்டனின் உண்மையான பருமன் ஏறக்குறைய மாறாமல் இருக்க அது உதவுகிறது. இரண்டு ஓரத்திலும் 16 விட்டால் கையில் மிஞ்சுவது 328. அதில் மூன்று பட்டன்களை 8 இடைவெளியோடு வரிசையாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 104. இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். நான்காவது பட்டனைச் செருகும் ஆசை அடங்கிவிடும்.

கட்டைவிரல் எட்டும் இடம்

ஸ்டீவன் ஹூபர் என்ற டிசைனர் 2013-ல் பொது இடங்களில் 1,333 பேர் போன் பிடிப்பதைக் கவனித்து எழுதினார். திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் பேர் ஒரே கையில்தான் பிடித்திருந்தார்கள். காலையில் கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் பாருங்கள், யாரும் ஆய்வு நடத்தவேண்டாம். மேலே தொங்கும் ஒரு கை, போனில் ஒரு கட்டைவிரல்.

ஆகவே அடிக்கடி தொடவேண்டியது கீழ்ப்பாதியில் இருக்கட்டும். மேலே, பார்க்க மட்டும் வேண்டியதை வையுங்கள்: மொத்தப் பாக்கி, தேதி, யாருடைய கணக்கு என்ற பெயர். நான் முதலில் 'சேமி' பட்டனை மேல் வலது மூலையில் வைத்திருந்தேன். அழகாக இருந்தது. அக்கா ஒவ்வொரு முறையும் போனை உள்ளங்கையில் நழுவவிட்டுப் பிடிக்கவேண்டியிருந்தது, அதுவும் கீழே மீன் தண்ணீர் ஓடும் தரையில்.

அளவு விஷயத்தில் விவாதத்துக்கு இடமில்லை. ஆண்ட்ராய்டுக்கான கூகுளின் வழிகாட்டி தொடும் இடம் குறைந்தது 48-க்கு 48 டிபி என்கிறது. ஆப்பிள் 44-க்கு 44 பாயிண்ட் என்கிறது. பார்வையோ கை அசைவோ குறைந்தவர்களும் புழங்க வேண்டும் என்பதற்காக 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 என்ற அணுகல் தரம் 24-க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சலை (வலைப்பக்க அளவு, திரையின் புள்ளி எண்ணிக்கை இல்லை) கடைசிக் கோடாக வைத்திருக்கிறது. அதற்குக் கீழே போவதானால் சுற்றிலும் போதிய இடைவெளி வேண்டும். 48 டிபி என்பது ஏறக்குறைய ஏழரை மில்லிமீட்டர். அக்காவின் ஆப்பில் முக்கியமான பட்டன்களை 64-க்கு உயர்த்தினேன், வருத்தப்படவில்லை. ஐகான் சின்னதாகத் தெரிந்தால் பரவாயில்லை. அதைச் சுற்றித் தொடக்கூடிய பரப்பு 48 இருந்தால் போதும்.

1954-ல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் ஒன்றைக் கணக்காகவே காட்டினார்: தொடவேண்டிய இடம் எவ்வளவு தூரமோ, எவ்வளவு சிறியதோ, அவ்வளவு நேரம் பிடிக்கும். இதைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். 'சேமி' பக்கத்திலும் பெரிதாகவும் இருக்கட்டும். 'அழி' தூரத்திலும் சிறிதாகவும் இருக்கட்டும். என் முதல் ஆப்பில் இரண்டும் ஒட்டி நின்றன. ஒரே நிறத்தில்.

திரையின் இடது, வலது விளிம்புகளில் முக்கியமான எதையும் ஒட்டவைக்காதீர்கள். இப்போதைய ஆண்ட்ராய்டில் ஓரத்திலிருந்து இழுத்தால் முந்தைய திரைக்குப் போய்விடும்.

தமிழ் எழுத்துக்கு இடம் கொடுங்கள்

இந்தப் பகுதி கொஞ்சம் நீளும். காரணம், டிசைன் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. ஆங்கிலத்தில் வரைந்து முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் தமிழைக் கொட்டினால் எல்லாம் பிதுங்கும். முதல் நாளிலிருந்தே தமிழில் வரையுங்கள்.

கடலூர் நமக்கு ஓர் அருமையான சோதனைச் சொல்லை இலவசமாகக் கொடுத்திருக்கிறது: அதன் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூர். நமக்கு 11 எழுத்து. கம்ப்யூட்டருக்கோ யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 22 குறியீடு. ஒவ்வொரு எழுத்தும் த, ப போன்ற ஓர் அகர எழுத்து, அதோடு ஒரு உயிர்க்குறி அல்லது புள்ளி என்று இரண்டிரண்டாகச் சேர்ந்தது. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 66 பைட். ஊர்ப் பெயருக்கு 15 குறியீடு போதும் என்று ஒரு புரோகிராமர் வரம்பு வைத்தால் திரையில் வருவது "திருப்பாதிரிப்ப". புலியும் போச்சு, ஊரும் போச்சு. எழுத்து வரம்பு வைக்கும்போது மனிதர் எண்ணும் எழுத்தைக் கணக்கில் எடுங்கள், அதைவிடத் தாராளமாக இடம் விடுங்கள். இடம் போதாமல் வெட்டவேண்டியிருந்தால் எழுத்து முடிந்த இடத்தில் வெட்டச் சொல்லுங்கள். நடுவில் வெட்டினால் கொம்பு தனியே, கால் தனியே, புள்ளிவட்டத்தோடு தொங்கும்.

இந்தச் சொல்லை ஒவ்வொரு பட்டனிலும், பட்டியலிலும், தலைப்பிலும் போட்டுப் பாருங்கள். அது நிற்கிற இடத்தில் எந்தச் சொல்லும் நிற்கும்.

அடுத்தது உயரம். தமிழில் கி, கீ, க் எல்லாம் தலைக்கு மேலே ஏறும். கு, டு, மூ, நூ போன்றவை காலுக்குக் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி உயரத்தில் மேல் வரியின் கீழ்வளைவும் கீழ் வரியின் புள்ளியும் இடித்துக்கொள்ளும். எழுத்தளவின் ஒன்றரை மடங்கு வரி உயரம் வைக்கிறேன். நீளமான பத்தியானால் 1.6. பட்டன் உயரத்தைக் குறிப்பிட்ட எண்ணில் பூட்டிவைக்காதீர்கள். உள்ளிருக்கும் எழுத்துக்கு ஏற்ப வளர விடுங்கள், இல்லாவிட்டால் 'ரூ'வின் சுழி வெட்டுப்படும். பணக் கணக்கு ஆப்பில் 'ரூ' வெட்டுப்படுவது நன்றாகவா இருக்கும்?

தமிழுக்கு 16-க்குக் குறைந்த எழுத்தளவை நான் படிக்கவேண்டிய எதற்கும் வைப்பதில்லை. பாக்கித் தொகை 28. ஞ, ணை, ஐ போன்ற சுழி நிறைந்த எழுத்துகள் சின்ன அளவில் அதிகத் தடிப்பில் அடைத்துப்போகும். அங்கே மிதமான தடிப்பே போதும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை ஆகிய மூன்றும் இலவசம், மூன்றிலும் பல தடிப்புகள் உண்டு. அலங்கார எழுத்துருவைக் கல்யாணப் பத்திரிகைக்கு விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து போட்டு அழுத்தம் காட்டுவார்களே, அது நமக்கு இல்லை. எழுத்தைச் சாய்ப்பதும் பழக்கமில்லாதது. அளவாலும் தடிப்பாலும் நிறத்தாலும்தான் நாம் அழுத்தம் காட்டமுடியும்.

அளவை எஸ்பி என்ற அலகில் கொடுங்கள். அப்போதுதான் போன் செட்டிங்கில் எழுத்தைப் பெரிதாக்கியவருக்கு உங்கள் ஆப்பிலும் பெரிதாகும். ஆண்ட்ராய்டு 14 முதல் 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். அந்த அளவில் உங்கள் திரை என்ன ஆகிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். முதல் தடவை பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும்.

எண்களில் குழப்பம் வேண்டாம். தமிழ் எண்களைப் போட்டு அழகு பார்க்காதீர்கள், யாரும் படிக்கமாட்டார்கள். 1,25,000 என்று லட்சக் கணக்கில் கமா போடுங்கள். வெளிநாட்டு டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்தால் 125,000 என்று வரும், பணத்தை எண்ணுபவர் ஒரு நொடி தடுமாறுவார்.

தட்டவைக்காதீர்கள்

சின்னத் திரையில் கீபோர்டு எழுந்தவுடன் பாதித் திரை போய்விடுகிறது. ஆகவே கீபோர்டு எழவேண்டிய தேவையையே குறையுங்கள். அக்காவிடம் தினமும் வருபவர்கள் இருபது இருபத்தைந்து பேர். நேற்று வந்தவர்களின் பெயரைப் பட்டியலில் முதலில் வரிசையாக வைத்தேன். ஒரு தொடுதலில் பெயர், இன்னொன்றில் மீன். அன்றைய விலை காலையில் ஒருமுறை போட்டால் போதும். தட்டவேண்டியது எடை மட்டும்.

எண் கேட்கும் இடத்தில் எண் கீபோர்டு வரவேண்டும். கிலோவுக்குத் தசமப்புள்ளியும் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இரண்டரை கிலோவை எப்படி எழுதுவார்? ஓடிபி வந்தால் ஆப் தானாக எடுத்துக்கொள்ளட்டும். பெயர் கேட்கும் இடத்தில் ஒரே கட்டம் போடுங்கள். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டாகக் கேட்டு இரண்டையும் கட்டாயமாக்கினால், இனிஷியல் வைத்துப் பழகிய நம் ஆட்கள் ஒரு புள்ளியைக் குத்திவிட்டுப் போவார்கள். அதன்பிறகு ரசீதில் எல்லார் பெயரோடும் ஒரு புள்ளி அலையும்.

ஊர் தேடும் பெட்டியில் கவனம் தேவை. பாண்டிச்சேரி 2006-ல் அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆனது. ஆனாலும் தேடுபவர் பாண்டி என்பார், புதுவை என்பார், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார். மாநிலப் பட்டியலில் இரண்டு எழுத்துவரிசையிலும் தேடிக் கிடைக்காமல் கைவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாமே திருப்பாதிரிப்புலியூரைத் திருப்பாப்புலியூர் என்றுதான் சொல்கிறோம். எல்லாப் பெயரையும் ஏற்று ஒரே ஊரைக் காட்டுங்கள். கடலூர் என்றால் நீலகிரிக் கூடலூரைக் காட்டும் ஆப்களும் உண்டு. ஊரின் கீழே மாவட்டத்தையும் சின்னதாகப் போட்டால் தீர்ந்தது. பின்கோடை முதலில் கேட்டுவிட்டால் இன்னும் சுலபம்: 605 என்று தொடங்கினால் புதுச்சேரிப் பக்கம், 607 என்றால் கடலூர்ப் பக்கம். ஆறு எண்ணில் பாதி முகவரி வந்துவிடும்.

மொழி தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதன் எழுத்திலேயே எழுதுங்கள். புதுச்சேரி அரசின் எல்லைக்குள் மாஹேயில் மலையாளமும் ஏனாமில் தெலுங்கும் பேசுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மொழியின் பெயரைத் தமிழில் எழுதிவைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

வெயிலும் நிறமும்

வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து இப்போது நாகரிகம். அதை எடுத்துக்கொண்டு காலை பதினொரு மணிக்கு தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போய்ப் படித்துக் காட்டுங்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு, பெரிய எழுத்துக்கு 3:1 என்பது அணுகல் தரம். ஃபிக்மாவிலேயே இதைச் சோதிக்கலாம். வெயிலில் புழங்கும் ஆப்புக்கு நான் 7:1-க்குக் குறைய விடுவதில்லை. மஞ்சள் பட்டனில் வெள்ளை எழுத்து எந்த வெயிலிலும் தெரியாது.

பாக்கி சிவப்பு, கட்டியாச்சு பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத கண்கள் ஆண்களிடையே அரிதில்லை. பக்கத்தில் 'பாக்கி' என்ற சொல்லும் இருக்கட்டும்.

பட்டன் யார் குரலில் பேசுகிறது?

'சேமி' என்று எழுதினால் மரியாதை குறைவோ, 'சேமிக்கவும்' என்று போடலாமா என்று புதியவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். பட்டன் என்பது அக்கா போனுக்கு இடும் கட்டளை: சேமி, அனுப்பு, அழி. போனிடம் அவர் ஒருமையில் பேசலாம், இடமும் மிச்சம். போன் அக்காவிடம் பேசும்போது மரியாதை கட்டாயம்: "எடையை எழுதுங்கள்", "பெயரைத் தொடுங்கள்". இந்தக் கோடு கலங்காமல் இருந்தால் ஆப் முழுவதும் ஒரே குரலில் இருக்கும்.

'சமர்ப்பி' என்பது கோயிலுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் உரிய சொல். கடன் எழுதும் இடத்தில் 'கடன் எழுது' என்றே போடுங்கள். 'சரி', 'ரத்து' என்ற இரட்டைப் பட்டன்கள் மேலே இருக்கும் கேள்வியைப் படித்தவருக்குத்தான் புரியும், யாரும் கேள்வியைப் படிப்பதில்லை. 'அழி', 'வேண்டாம்' என்று செயலையே எழுதுங்கள். தவறு நேர்ந்தால் "தவறான உள்ளீடு" என்று அதட்டாமல், "போன் நம்பரில் 9 எண்தான் இருக்கிறது, 10 வேண்டும்" என்று சொல்லுங்கள், அந்தக் கட்டத்துக்குக் கீழேயே.

அழிப்பதற்கு முன்னால் "நிச்சயமா?" என்று கேட்பதைவிட, அழித்தபின் சில விநாடிகள் "திரும்பக் கொண்டுவா" என்று ஒரு பட்டன் காட்டுவது நல்லது. தினமும் கேட்கும் கேள்விக்கு விரல் பழகிவிடும். படிக்காமலேயே 'ஆம்' தொடும்.

சிக்னல் போனால்

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. மரங்கள் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லை. புயல் இல்லாத நாளிலும் துறைமுகக் கூட்டத்தில் இன்டர்நெட் திணறும். ஆகவே பதிவு முதலில் போனிலேயே சேமிக்கப்படட்டும், சிக்னல் வந்ததும் சர்வருக்குப் போகட்டும். திரையில் "எழுதியாச்சு. சிக்னல் வந்ததும் அனுப்பப்படும்" என்று அமைதியாக ஒரு வரி. சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம் நம்பிக்கையைக் கொல்லும். அக்கா அதைப் பார்த்து மூன்று முறை 'சேமி' தொட்டார், ஒரே கடன் மூன்றாகப் பதிவானது. பட்டன் ஒருமுறை தொட்டவுடன் மங்கிவிடவேண்டும் என்று அன்றுதான் கற்றேன்.

மென்பொருளை மக்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1993-ல் தொகுத்த கணக்கு இன்றும் உதவும். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும், 1 விநாடி வரை எண்ணம் அறுபடாது, 10 விநாடிக்கு மேல் கவனம் வேறெங்கோ போய்விடும். தொட்டவுடன் நிறம் மாறுவதாவது அந்த 0.1-க்குள் நடக்கட்டும்.

எஸ்எம்எஸ் அனுப்பும் வசதி வைத்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறியீடுதான். அதைத் தாண்டினால் இரண்டு செய்தியாக உடைந்து இரட்டைச் செலவு.

ஐந்து பேரிடம் கொடுங்கள், வாயை மூடுங்கள்

டிசைன் முழுசாக முடியும்வரை காத்திருக்காதீர்கள். ஃபிக்மாவில் திரைகளை இணைத்துப் போனில் ஓடவிட்டால் போதும். ஐந்து பேர் போதும் என்று நீல்சன் 2000-ல் எழுதினார். சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் அதிலேயே தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஐந்தும் உங்கள் நண்பர்களாக இருக்கக்கூடாது. குறைந்தது இரண்டு பேர் கண்ணாடி போடுபவர்களாக, ஒருவர் ஸ்மார்ட்போனுக்குப் புதியவராக இருக்கட்டும்.

வேலையைச் சொல்லுங்கள், வழியைச் சொல்லாதீர்கள். "கடன் எழுது பட்டனைத் தொடுங்க" என்றால் சோதனை அங்கேயே தோற்றது. "நெல்லிக்குப்பத்துக்காரர் நாலு கிலோ வஞ்சிரம் எடுத்துட்டுப் போறார், பாதிப் பணம் குடுத்தார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நில்லுங்கள். அவர் தடுமாறும்போது உதவத் துடிக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். விரல் எங்கே நின்றது, எதைத் தேடியது, எதைப் படிக்காமல் தாண்டியது என்று எழுதிக்கொள்ளுங்கள். "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்கவே கூடாது. நல்லா இருக்கு என்பார்கள்.

விலை குறைந்த போனில் ஒருமுறை, வெளிச்சத்தைக் குறைத்து ஒருமுறை, எழுத்தைப் பெரிதாக்கி ஒருமுறை, கையை உப்புத் தண்ணீரில் நனைத்து ஒருமுறை. டாக்பேக் என்ற குரல்வழிப் படிப்பானைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை. பெயரில்லாத ஐகான்கள் எல்லாம் அப்போது "பட்டன், பட்டன்" என்று மட்டும் கத்தும்.

மறக்கப்படும் திரை

புரோகிராமரிடம் ஒப்படைக்கும்போது எல்லாம் நிறைந்த திரையை மட்டும் கொடுக்காதீர்கள். காத்திருக்கும்போது, தவறு வந்தபோது, சிக்னல் இல்லாதபோது, எதுவுமே இல்லாதபோது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை வரைந்து கொடுங்கள்.

கடைசியாகச் சொன்னதை நானும் மறந்திருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், அக்காவுக்கு வியாபாரம் கிட்டத்தட்ட இல்லை. ஏப்ரல் மூன்றாம் வாரம் ஆப்பைத் திறந்தால் முகப்பில் வெள்ளையாக ஒரு வெற்றிடம், நடுவில் "பதிவுகள் இல்லை". ஆப் கெட்டுப்போச்சு என்று நினைத்து எனக்குப் போன் செய்தார். போய்ப் பார்த்தபோது பழைய நோட்டை விரித்துவைத்து, யாரிடம் எவ்வளவு வரவேண்டும் என்று கூட்டிக்கொண்டிருந்தார். படகு போகாத மாதங்கள்தான் பாக்கி வசூலிக்கும் மாதங்களாம். முகப்பை மாற்றினோம்: அன்றைக்குப் பதிவு இல்லாவிட்டால் வரவேண்டிய பாக்கிகள், பெரியது மேலே, ஒவ்வொன்றின் பக்கத்திலும் போன் செய்ய ஒரு பட்டன், அகலம் 64.